மிதக்கும் மூலகத்தைப் பெட்டிக்குள் அடக்குதல்

மாணவர்களே, அக்குறணை நகரைப் பற்றி ஓர் இணையப்பக்கம் தயாரிக்கிறீர்கள் எனக் கொள்வோம். ஒரு பெட்டியினுள் பிங்கா ஓயா பெருகிய நாளில் எடுத்த புகைப்படத்தையும் அதற்குரிய ஒருவரி விளக்கத்தையும் இடுகிறீர்கள். சீ.எஸ்.எஸ். மூலம் படத்துக்கு ‘புளோட் : லெப்ட்’ கொடுத்ததும் படம் இடப்பக்கம் ஒதுங்க, வரி அதன் வலப்பக்கம் வருகிறது. ஆனால் பெட்டி சுருங்கிவிடுகிறது. ஓயாவைப் போலவே படமும் கரையை மீறிக் கீழே வழிகிறது! இது உங்கள் பிழையன்று, சீ.எஸ்.எஸ். விதியே இதுதான்.

காரணம் என்ன?

1996 இல் வெளிவந்த சீ.எஸ்.எஸ். முதற் பதிப்பிலேயே புளோட் பண்பு உண்டு. பத்திரிகையில் போன்று படத்தைச் சுற்றி எழுத்து ஓடச் செய்வதே அதன் நோக்கமாகும். பந்தி சிறிதாகவும் படம் உயரமாகவும் இருந்தால், அடுத்த பந்தியும் படத்தின் அருகிலேயே தொடர வேண்டும். முதற் பந்தி படத்தின் உயரத்துக்கு நீண்டால் இடையில் வெற்றிடம் விழும். ஆகவே, மிதக்கும் மூலகத்தின் உயரம் சாதாரண பெட்டியின் உயரத்தில் சேர்க்கப்படுவதில்லை.

கணித்துப் பாருங்கள்

படத்தின் உயரம் 120 பிக்சல், வரியின் உயரம் 20 பிக்சல். மேலும் கீழும் உள்ளிடைவெளி 10 பிக்சல் வீதம், எல்லைக்கோடு 2 பிக்சல் வீதம்.

அடக்காதபோது பெட்டியின் உயரம்: 20 + 20 + 4 = 44 பிக்சல்
அடக்கியபோது: 120 + 20 + 4 = 144 பிக்சல்

முதல் நிலையில் படம் பெட்டியின் மேல் விளிம்பிலிருந்து 12 ஆம் பிக்சலில் தொடங்கி 132 இல் முடிகிறது. எனவே 132 – 44 = 88 பிக்சல் வெளியே வழிகிறது.

அடக்கும் முறைகள்

1. பெட்டிக்கு ‘ஓவர்புளோ : ஹிடன்’ கொடுத்தல். பெட்டி படத்தை அடக்கும். எனினும் பெட்டிக்கு வெளியே நீளும் பட்டி போன்றவை வெட்டுப்படும்.

2. பெட்டியினுள், இறுதியில், ‘கிளியர் : போத்’ கொண்ட மூலகம் ஒன்றை இடுதல்.

3. பெட்டிக்கு ‘டிஸ்பிளே : புளோ-ரூட்’ கொடுத்தல். இத்தேவைக்கென்றே வந்த பெறுமானம் இது. குரோம், பயர்பொக்ஸ் உலாவிகள் 2017 முதல் இதனை ஏற்கின்றன.

பெட்டிக்கு 144 பிக்சல் என நிலையான உயரம் கொடுப்பது தீர்வாகாது. நாளை உயரமான வேறு படத்தை இட்டால் மீண்டும் வழியும்.

கவனிக்க

‘கிளியர் : போத்’ என்பதை அடுத்த பெட்டிக்குக் கொடுத்தால் அப்பெட்டி படத்துக்குக் கீழே இறங்கும், முதற் பெட்டியோ 44 பிக்சலாகவே இருக்கும். கிளியர் எங்கே இடப்படுகிறது என்பதைப் பார்த்தே விடை எழுதுங்கள்.

கலைப்பிரிவில் கற்ற நானும் முதலில் இவற்றை மனனம் செய்தேன், மறந்தும் போனேன். காரணம் விளங்கிய பின்பே மனதில் நின்றது. நீங்களும் மேலுள்ள கணக்கைப் புத்தகத்தை மூடிவிட்டு ஒருமுறை செய்து பாருங்கள்.