எந்தக் கட்டத்திலும் அடங்காத தேவைகள்

போர்ச்சுகல் நெடுஞ்சாலைகளில் 1991 முதல் ‘வியா வெர்டே’ என்ற சுங்க வசூல் முறை இருக்கிறது. நம் ஃபாஸ்டேக்குக்கு மூத்தது. வண்டியில் ஒட்டிய கருவியைச் சாவடியில் உள்ள உணரி படித்ததும் பச்சை விளக்கு எரியும், கட்டணம் வங்கிக் கணக்கில் கழியும். கருவி இல்லாவிட்டால் மஞ்சள் விளக்கு. கேமரா நம்பர் பிளேட்டைப் படம் பிடிக்கும்.

இப்படியொரு மென்பொருளுக்குத் தேவைகளை எழுத உட்கார்ந்தால் பதிவு, நுழைவு, வெளியேற்றம், பில் என்று பிரித்துக்கொள்வோம். அதுவரை சிக்கல் இல்லை. ‘உடனே பதில் தர வேண்டும்’ என்பதை இதில் எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவது? கருவியைப் படிக்கவும் வேகம் வேண்டும், விளக்கு எரியவும் வேண்டும், படம் எடுக்கவும் வேண்டும். வண்டி போன பிறகு எரியும் விளக்கால் யாருக்கு என்ன லாபம்? பாதுகாப்பும் இதே ரகம்தான். எந்தத் தலைப்புக்கும் சொந்தமில்லாததால் கடைசியில் ‘இதர தேவைகள்’ என்று ஒரு பத்தியில் ஒதுக்கிவிடுவார்கள். பல திட்டங்களில் வினை தொடங்குவது அந்தப் பத்தியில்தான்.

ஒரே அக்கறை பல இடங்களில் பரவிக் கிடக்கும் இந்தச் சிக்கலை நிரல் எழுதுகிறவர்கள் முன்பே பார்த்துவிட்டார்கள். டாம்கேட் என்ற வலைச் சர்வரின் நிரலில் எக்ஸ்எம்எல் படிக்கும் வேலை ஒரே இடத்தில் ஒழுங்காக இருந்தது; நடந்ததைப் பதிவு செய்யும் லாக் வரிகளோ கோப்புக்குக் கோப்பு சிதறிக் கிடந்தன. ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் கிரெகர் கிசாலெஸ் குழு 1997-ல் பரவிக் கிடப்பதை ஒரே இடத்தில் எழுத ‘ஆஸ்பெக்ட்’ என்ற தனி அலகை முன்வைத்தது இந்த மாதிரிச் சிதறலுக்காகத்தான்.

அவாய்ஸ் ரஷீத், அனா மொரேரா, ஜுவாவ் அராவுஜோ என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2003-ல் இன்னும் முன்னால் போனார்கள். நிரல் வரும்வரை ஏன் காத்திருக்க வேண்டும் என்று கேட்டு, போர்ச்சுகல் சுங்கச்சாவடியையே எடுத்துக்காட்டாக வைத்தார்கள். ஒரு பக்கம் வண்டி, கருவி, சாவடி என்று ஒவ்வொரு தரப்பு. மறுபக்கம் வேகம், பாதுகாப்பு போன்ற அக்கறைகள். எது எதைத் தொடுகிறது என்று அட்டவணையில் குறித்தால் பரவிக் கிடப்பவை தெரிந்துவிடும்.

உரசலும் அங்கேயே தெரியும். பாதுகாப்புக்காகக் கூடுதல் சோதனை வைத்தால் பதில் தாமதமாகும். அப்போது 0-இலிருந்து 1 வரை எடை கொடுத்து எது முக்கியம் என்று முடிவு செய்யச் சொல்கிறார்கள். எண்கள் பார்க்கத் துல்லியமாக இருந்தாலும் உள்ளே நடப்பது பேரம்தான். பணம் போடுகிறவரும் பயன்படுத்துகிறவரும் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டியது. அட்டவணையில் பரவிக் கிடப்பதாகத் தெரிந்ததெல்லாம் நிரலில் ஆஸ்பெக்ட் ஆகிவிடவும் வேண்டாம். ‘எந்நேரமும் இயங்க வேண்டும்’ என்பது மாற்றுச் சர்வர் வைப்பது என்ற கட்டமைப்பு முடிவாகப் போகலாம். வேறொன்று சாதாரணச் செயல்பாடாகவே முடியலாம்.