பாதி விலையின் மீதியை யார் கட்டுகிறார்?

ஆடி பிறக்கப்போகிறது. தள்ளுபடிச் செயலிகளின் பிரதிநிதிகள் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். ஆடி முதல் தேதிக்குள் கையெழுத்துப் போட்டால்தான் கடையின் பெயர் செயலியின் முகப்பில் வரும் என்று கெடு வைக்கிறார்கள். இந்த நாளிதழுக்கு வந்து குவியும் கடிதங்களில் பாதிக்கு மேல் அண்மையில் தொழில் தொடங்கிய இளைஞர்களுடையவை. கஃபே, அழகு நிலையம், கேக் கடை என்று தொழில்கள் வேறு, கேள்வி ஒன்றுதான். வியாபாரம் மந்தம், விளம்பரத்துக்குக் கையில் காசில்லை, செயலிக்காரரோ பைசா செலவில்லாமல் கூட்டம் கொண்டுவருகிறேன் என்கிறார். சேரலாமா?

மந்த காலத்தில் தள்ளுபடி கொடுப்பது தமிழ் வணிகர்களுக்குப் புதிதல்ல. ஆடியில் கல்யாணம் இல்லை, துணி எடுக்க ஆளில்லை. தேங்கிய சரக்கை விலை குறைத்துத் தள்ளிய உத்தி இன்று தி.நகரில் தனி சீசனாகிவிட்டது. ஆனால் அங்கே தள்ளுபடி எவ்வளவு என்பதை முடிவு செய்பவரும் கடைக்காரர், வரும் பணத்தை எண்ணுபவரும் கடைக்காரர். தள்ளுபடியை வேறொருவர் அறிவித்து, பணத்தையும் அவரே முதலில் வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு வயது குறைவு. அது வளர்ந்த இடம் சிகாகோ, காலம் 2008.

அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் திவாலாகி, நிதி நெருக்கடி முற்றியது. சில வாரங்களில், முப்பது வயதைத் தொடாத ஆண்ட்ரூ மேசன் என்ற இசைப் பட்டதாரி, தனது அலுவலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த மதுக்கூடத்தின் பீட்சாவை 'ஒன்றின் விலைக்கு இரண்டு' என்று இணையத்தில் விற்றார். குரூப்பான் என்ற சலுகைக் கூப்பன் தளத்தின் முதல் வியாபாரம் அது. அதற்கு முந்தைய ஆண்டுதான் 'தி பாயிண்ட்' என்ற தளத்தை அவர் தொடங்கியிருந்தார். ஏதாவது ஒரு நோக்கத்துக்கு ஆள் சேர்க்கும் தளம் அது. குறிப்பிட்ட எண்ணிக்கை சேரும்வரை யாரும் காசு கொடுக்கவோ செயலில் இறங்கவோ வேண்டாம். குளிருக்கு அடக்கமாக சிகாகோ நகரத்துக்கே கூரை போடுவோம் என்ற யோசனைகூட அதில் ஓடியது. பெயர் கிடைத்தது, வருமானம் வரவில்லை. முதலீட்டாளர் எரிக் லெஃப்கோஃப்ஸ்கி போட்ட பத்து லட்சம் டாலர் கரைந்துகொண்டிருந்தது. தளத்தின் பயனாளர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து மொத்த விலையில் பொருள் வாங்க முயன்றார்கள். மற்ற நோக்கங்களை ஓரங்கட்டிவிட்டு மேசன் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டார்.

நகரத்துக்கு நாளொன்றுக்கு ஒரே சலுகை, மின்னஞ்சலில் வரும். குறைந்தபட்ச எண்ணிக்கையில் ஆள் சேர்ந்தால்தான் அது செல்லும். அதனால் வாங்க நினைப்பவரே நண்பர்களை நச்சரித்து வாங்க வைத்தார். சம்பளம் இல்லாத விற்பனைப் படை தானாகவே உருவானது. சலுகைக் குறிப்புகளை எழுத நூற்றுக்கணக்கான எழுத்தாளர்களை வேலைக்கு வைத்தார்கள். பல் சுத்தம் செய்யும் சலுகைக்குக்கூட நாலு வரி நகைச்சுவை வரும். உணவகங்கள் காலியாகக் கிடந்தன, வங்கிகள் கடன் கொடுக்கவில்லை, பத்திரிகை விளம்பரத்துக்கோ முன்பணம் கட்ட வேண்டும். அந்த நேரத்தில், முன்பணம் வேண்டாம், ஆட்களை அனுப்புகிறோம் என்று ஒருவர் சொன்னால் யார் மறுப்பார்? 2010 ஆகஸ்டில் ஃபோர்ப்ஸ் இதழ் இந்த நிறுவனத்தின் வளர்ச்சி வேகத்தை அட்டையில் கொண்டாடியது. அந்த ஆண்டு இறுதியில் கூகுள் சுமார் 600 கோடி டாலருக்குக் கேட்டும் குரூப்பான் விற்கவில்லை.

கணக்கை ரூபாயில் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் ரூபாய்ச் சாப்பாட்டுக்கான கூப்பன் 500 ரூபாய்க்கு விற்கிறது. வழக்கமான ஒப்பந்தப்படி அதில் சரிபாதி குரூப்பானுக்கு. கடைக்கு வருவது 250. மளிகை, காய்கறி, இறைச்சிச் செலவு மட்டும் 350 ரூபாய் என்றால், வாடகையையும் சமையற்காரர் சம்பளத்தையும் சேர்க்கும் முன்பே தலைக்கு 100 ரூபாய் கைவிட்டுப் போகிறது. கடைக்காரர் விட்டுக்கொடுத்த 750 ரூபாய் எந்தக் கணக்கிலும் விளம்பரச் செலவு என்று பதிவாவதில்லை. பிரதிநிதிகள் சொல்லும் 'பைசா செலவில்லை' இதுதான்.

இது லாபமாக வேண்டுமானால் வருகிறவர் புதியவராக இருக்க வேண்டும், கூப்பனுக்கு மேலும் செலவழிக்க வேண்டும், அடுத்த முறை முழு விலை கொடுத்து வர வேண்டும். ரைஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் உத்பல் தோலாக்கியா 2010இல் குரூப்பான் சலுகை நடத்திய 150 தொழில்களை ஆராய்ந்தார். 66 சதவீதத்தினருக்கு அது லாபமாக இருந்தது, 32 சதவீதத்தினருக்கு இல்லை. முதல் எண்ணை நிறுவனம் விரும்பலாம். ஆனால் இன்னொரு முறை செய்ய மாட்டோம் என்றவர்கள் 40 சதவீதத்துக்கு மேல்.

குறைந்தபட்சம் இத்தனை பேர் என்று கீழ்வரம்பு வைத்த மேசனின் கருவி, மேல்வரம்பைக் கடைக்காரர் தலையில் விட்டுவிட்டது. 2011இல் இங்கிலாந்தின் ரெடிங் நகரத்துக் கேக் கடை ஒன்று, 26 பவுண்டு விலையுள்ள டஜன் கப் கேக்குகளை ஆறரைப் பவுண்டுக்குத் தருவதாக ஒப்புக்கொண்டது. உச்ச எண்ணிக்கை எதுவும் வைக்கவில்லை. 8,500 பேர் வாங்கிவிட்டார்கள். 1,02,000 கேக்குகள்! ஏஜென்சி மூலம் ஆள் எடுத்து, ஒவ்வொரு டஜனுக்கும் இரண்டு, மூன்று பவுண்டு நஷ்டப்பட்டுச் சுட்டுக் கொடுத்ததில் கடையின் அந்த ஆண்டு லாபம் முழுவதும் போயிற்று.

பணம் யார் கையில் எத்தனை நாள் இருக்கிறது என்பது இன்னொரு சூட்சுமம். வாடிக்கையாளர் கட்டும் தொகை அன்றே குரூப்பானுக்கு வந்துவிடும். வட அமெரிக்கக் கடைகளுக்கு அதைச் சுமார் 60 நாட்களில் தவணைகளாகக் கொடுத்தார்கள். பிற நாடுகளில் பெரும்பாலும் கூப்பனைப் பயன்படுத்திய பிறகுதான். அங்கே யாராவது கூப்பனை மறந்துவிட்டால் கடைக்கு எதுவும் வராது. ஏலச்சீட்டில் முதல் மாதத் தொகை நடத்துபவருக்கு என்பதைப் போல என்று சொல்லலாம். ஆனால் இங்கே எல்லா மாதமும் முதல் மாதம்தான். நொடித்துப்போன கடைகளின் பணம், வேகமாக வளரும் ஒரு நிறுவனத்துக்கு வட்டியில்லாக் கடனாயிற்று.

நிறுவனம் தன்னைப் பற்றிச் சொன்ன எண்களும் அதே ரகம். 2011 ஜூனில் பங்கு வெளியீட்டுக்கு விண்ணப்பித்தபோது 2010ஆம் ஆண்டு வருவாய் 71 கோடி டாலர் என்றார்கள். கடைக்குப் போக வேண்டிய பாதியும் அதில் சேர்த்தி. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் கேள்வி எழுப்பிய பின் செப்டம்பரில் அது 31 கோடியாகச் சுருங்கியது. புது வாடிக்கையாளரைப் பிடிக்க ஆன விளம்பரச் செலவைக் கழித்துக்கொள்ளாமல் லாபம் காட்டும் அளவுகோல் ஒன்றையும் உருவாக்கியிருந்தார்கள். அதன்படி 6 கோடி டாலர் லாபம், சாதாரணக் கணக்குப்படி 42 கோடி டாலர் நஷ்டம். விளம்பரத்தால் வளர்ந்த நிறுவனம் விளம்பரச் செலவை மட்டும் மறந்துவிட்டது! அந்த நவம்பரில் 20 டாலருக்கு விற்ற பங்கு, ஓராண்டில் மூன்று டாலருக்கும் கீழே போனது.

இந்தியாவுக்கு 2011இல் வந்த குரூப்பான், 2013 செப்டம்பரில் செய்தது வேறு மாதிரியான வித்தை. ரூபாய் மதிப்பு அதற்கு முந்தைய மாதம்தான் டாலருக்கு 68க்கு மேல் சரிந்திருந்தது. வெங்காய விலை வீட்டுக்கு வீடு பேச்சாக இருந்தது. கிலோ 9 ரூபாய்க்கு வெங்காயம் என்று அறிவித்தார்கள். 3,000 கிலோ 44 நிமிடங்களில் விற்றுத் தீர்ந்தது, தளம் முடங்கியது, நாடெங்கும் செய்தியானது. நஷ்டம் நிறுவனத்தின் கையிலிருந்து போனது என்பதால் இதைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

2019இல் கதை பழைய தடத்துக்குத் திரும்பியது. ஏப்ரல்–ஜூன் காலாண்டில் இந்தியப் பொருளாதார வளர்ச்சி 5 சதவீதம் என்று அறிவிக்கப்பட்ட அதே ஆகஸ்டில், ஜொமேட்டோ கோல்டு போன்ற திட்டங்களிலிருந்து குருகிராமில் தொடங்கி நாடு முழுவதும் ஆயிரத்துக்கு மேற்பட்ட உணவகங்கள் வெளியேறின. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்பது சந்தாதாரருக்கான சலுகை. சந்தாப் பணம் செயலிக்கு. இலவசத் தட்டு உணவகத்தின் செலவு. கண்டனத்துக்குப் பிறகு, நாளுக்கு ஒரு முறை, மேசைக்கு இரண்டு சலுகை என்று ஜொமேட்டோ வரம்பு கட்டியது.

எல்லா இளைஞர்களும் அடுத்தவர் பணத்தில்தான் விளம்பரம் செய்தார்களா என்று ஒரு வாசகர் கேட்கிறார். இல்லை. தங்குமிட வாடகைத் தளமான ஏர்பிஎன்பியின் நிறுவனர்களான பிரையன் செஸ்கியும் ஜோ கெபியாவும் வடிவமைப்பு படித்தவர்கள். 2008 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ஒபாமா, மெக்கெய்ன் பெயர்களில் அட்டைப்பெட்டிகளைத் தாங்களே மடித்து ஒட்டி, சாதாரணத் தானிய உணவைப் பெட்டி 40 டாலருக்கு விற்றார்கள். கிடைத்த சுமார் 30,000 டாலரில் தாக்குப்பிடித்தார்கள்.

மற்ற கேள்விகள். எத்தனை கூப்பன் விற்கலாம்? வழக்கமான வியாபாரம் குறைந்த நாளில் எத்தனை மேசை காலியோ, அத்தனை. எந்த நாட்களில்? செவ்வாய், புதன் கிழமைகளில்; ஞாயிறு வேண்டவே வேண்டாம். பணம் எப்போது வர வேண்டும்? ஏழு நாளுக்கு மேல் என்றால் பேரம் பேசுங்கள். கமிஷனுக்கு ஜிஎஸ்டி? 18 சதவீதம்; கமிஷன் தொகையில் சேர்ந்ததா, தனியா என்று எழுதி வாங்குங்கள். இருப்பு இல்லாமல் சலுகை அறிவித்தால்? 2022இல் வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்கள் கடைக்காரர் மீதும் பாயும். மேசன் என்ன ஆனார்? 2013இல் பதவி நீக்கப்பட்டார்; பின்னர் வேலை செய்பவர்களுக்கு ஊக்கப் பாடல் தொகுப்பு ஒன்று வெளியிட்டார், அதன் பிறகு இன்னொரு நிறுவனம் தொடங்கினார்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள் விலகல் அறிவிப்பு எத்தனை நாள் என்பதை ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டும். விலகிய பிறகும் விற்றுவிட்ட கூப்பன்களை ஏற்க வேண்டியிருக்கும். இதுவரை எத்தனை விற்றிருக்கிறது என்ற எண்ணிக்கையை இன்றே மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள்.