மேற்கோள் கணக்கும் மாசூல் கணக்கும்

ஒரு விஞ்ஞானியின் உழைப்பு எவ்வளவு பலன் தந்தது என்பதை அளப்பதற்கு இக்காலத்தில் ஒரு முறை வழங்கி வருகின்றது. அவர் பிரசுரித்த கட்டுரைகள் எத்தனை, பிற ஆராய்ச்சியாளர் அவற்றைத் தத்தம் கட்டுரைகளில் மேற்கோளாக எடுத்தாண்டது எத்தனை தடவை என்று எண்ணிப் பார்ப்பதே அம்முறை. அமெரிக்காவில் யூஜீன் கார்பீல்டு என்பவர் 1964-ஆம் ஆண்டில் விஞ்ஞான மேற்கோள்களுக்கென ஓர் அட்டவணை வெளியிட்டது முதல் இக்கணக்கு எளிதாயிற்று. 2005-இல் ஹிர்ஷ் என்ற பௌதிக விஞ்ஞானி ஒரு குறியெண்ணையும் வகுத்தார். ஒருவருடைய கட்டுரைகளுள் 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் 20 தடவைக்குக் குறையாமல் மேற்கோள் காட்டப்பட்டிருந்து, 21 கட்டுரைகளுக்கு அவ்வாறு சொல்ல இயலாதாயின், அவருடைய குறியெண் 20 ஆகும். உத்தியோக நியமனமும் ஆராய்ச்சிக்குரிய பொருளுதவியும் பல இடங்களில் இவ்வெண்களைப் பார்த்தே தீர்மானிக்கப்படுகின்றன. ஆதலின் குடியானவனுக்குப் பயன்படும் ஓர் ஆராய்ச்சி நடைபெறுவதும் நின்றுபோவதும் இக்கணக்கைப் பொறுத்ததாகி விடுகின்றது.

இக்கணக்கு எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதை ரொனால்டு பிஷர் என்ற ஆங்கிலேயரின் பிரசுரங்களைக் கொண்டு சோதிக்கலாம். 1890-இல் லண்டனில் பிறந்த இவர், கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்று, சில காலம் பள்ளி உபாத்தியாயராயிருந்து, 1919-இல் ராதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி ஸ்தாபனத்தில் சேர்ந்தார். அங்கே பிராட்பாக் என்னும் வயலில் 1843 முதல் ஆண்டு தவறாமல் கோதுமை பயிரிட்டு, பாத்தி பாத்தியாக எருவிட்டு, விளைவை நிறுத்து எழுதி வைத்திருந்தனர். அக்கணக்குப் புத்தகங்களை ஆராய்வதே இவருக்கு இடப்பட்ட வேலை. மாசூலில் கண்ட ஏற்றத் தாழ்வில் ஆண்டுக்காண்டு வந்து போவது எவ்வளவு, மண்ணின் வளம் குன்றியதால் நேர்ந்தது எவ்வளவு, நெடுங்காலத்தில் மெதுவாக ஏறி இறங்கியது எவ்வளவு என்று 1921-இல் பிரித்துக் காட்டினார். கடைசியாகச் சொன்னதற்குக் களை மிகுதியே காரணமாகலாம் என்றும் கருதினார். கணித மேதை ஒருவர் ஏட்டைப் புரட்டிக் களையில் வந்து நின்றது, களை வெட்டிக் கை சலித்தவர்களுக்கு வியப்பாயிராது.

இவருடைய எழுத்துக்களில் வயலுக்கு மிகவும் நெருங்கியது 1926-இல் வந்தது. வெளியான இடமும் பெரிய சங்கத்தின் ஏடு அன்று; பிரிட்டிஷ் விவசாய மந்திரி இலாகாவின் மாதப் பத்திரிகையே. பத்துப் பக்கம் அளவுள்ள அக்கட்டுரையின் சாரம் வருமாறு. நிலம் எங்கும் ஒரே சீராக இராது. ஒரு மூலையில் ஈரம் தங்கும், மற்றொரு மூலையில் உவர் பூக்கும். ஆகவே ஒரு பாத்திக்கு எருவிட்டு, அடுத்ததை வெறுமனே விட்டு விளைவை நிறுத்தால், வித்தியாசம் எருவினால் வந்ததோ மண்ணினால் வந்ததோ அறிய முடியாது. நிலத்தைக் கூடியவரை ஒத்த மண்ணுள்ள பகுதிகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பகுதியிலும் எல்லா எருக்களையும் இட்டுப் பார்க்க வேண்டும். எந்தப் பாத்திக்கு எது என்பதை மனிதன் தன் விருப்பப்படி தீர்மானியாமல் சீட்டுப் போட்டே தீர்மானிக்க வேண்டும். இம்முறை பரவிய அளவுக்கு அக்கட்டுரையின் பெயர் பரவவில்லை. சீட்டுப் போட்டுப் பாத்தி பிரிப்போரில் பெரும்பாலார் அதனை மேற்கோள் காட்டுவதில்லை. ஒரு கருத்து எல்லோருக்கும் பொதுச் சொத்தாகிவிட்டால் உடையவன் பெயர் மறைந்துவிடுகின்றது. மேற்கோள் கணக்கில் இது நஷ்டமாகவே பதிவாகும்.

இனி, பிஷர் ஒரு துறையோடு நின்றவரும் அல்லர். பாரம்பரிய குணங்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையொன்றை 1916-இல் லண்டன் ராயல் சொஸைட்டிக்கு அனுப்பினார். அதனைப் பரிசீலித்த இருவரில் ஒருவர் புள்ளிவிவர நிபுணர், மற்றவர் மரபியல் நிபுணர். இருவரும் மனமுவந்து ஏற்காமையால் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1918-இல் எடின்பரோ சங்கத்தின் ஏட்டில் அது வெளியாயிற்று. பயிர்களிலும் கால்நடைகளிலும் பொறுக்கு வித்து முறைக்கு ஆதாரமான கணிதம் அதிலிருந்தே வளர்ந்தது. இரு துறைகளின் வரப்பில் நிற்கும் பயிரை இரு பக்கத்தாரும் தமதன்று என்பது புதிதன்று.

துறைக்குத் துறை மேற்கோள் வழக்கமும் வேறுபடுகின்றது. கணித சாஸ்திரத்தில் எழுதுவோர் சில நூல்களையே குறிப்பிடுவர். வைத்திய ஆராய்ச்சியிலோ ஒரே கட்டுரையில் 40, 50 மேற்கோள்கள் வருதல் சாதாரணம். உயிரியல் துறையினரின் எண் பௌதிகத் துறையினரின் எண்ணைவிட உயர்ந்திருப்பதை ஹிர்ஷே எடுத்துக் காட்டியுள்ளார். அவ்வாறிருக்க, மண்வள ஆராய்ச்சியாளரையும் மருந்து ஆராய்ச்சியாளரையும் ஒரே எண்ணால் தரம் பிரிப்பது, காவிரிப் பாய்ச்சலுள்ள நஞ்சையின் மாசூலையும் மானாவாரிப் புஞ்சையின் மாசூலையும் பக்கத்தில் வைத்துப் புஞ்சைக்காரனைச் சோம்பேறி என்பது போலாகும். 1926-ஆம் ஆண்டுக் கட்டுரை விலக்கச் சொன்ன பிழையும் இதுவே.

இதனை உணர்ந்த சிலர், ஒரே துறையில் ஒரே ஆண்டில் வெளியான கட்டுரைகளை ஒரு பகுதியாகக் கட்டி, அப்பகுதியின் சராசரியோடு மட்டும் ஒப்பிடுகின்றனர். இது மேலான முறைதான். எனினும் மேற்கோள் யாவும் புகழ்ச்சி எனக் கொள்ளலாகாது. சிகரெட்டினால் நுரையீரலில் புற்றுநோய் உண்டாகின்றது என்பது நிரூபணமாகவில்லை என்று பிஷர் 1957, 1958-இல் எழுதினார். அக்காலத்தில் புகையிலை உற்பத்தியாளருக்கு ஆலோசகராகவும் இருந்தார். அவர் கூற்று தவறென்று காட்டுவதற்காகவே அவற்றை எடுத்துக்காட்டுவோர் உண்டு. எண்ணிக்கையில் மறுப்பும் ஒன்று, பாராட்டும் ஒன்று.

மேலும், எந்தக் கட்டுரையை எந்தப் பகுதியில் கட்டுவது என்ற சங்கடம் தீரவில்லை. ஐரிஸ் மலர்களில் மூன்று இனங்களை அளவுகொண்டு பிரித்தறிவது பற்றி 1936-இல் பிஷர் எழுதினார். அதிலுள்ள 150 மலர்களின் அளவுகளை எடுத்தவர் எட்கர் ஆண்டர்சன் என்ற தாவர சாஸ்திரி. கட்டுரை வெளியானதோ மனித இன மேம்பாடு என்ற பெயரால் நடந்த ஒரு பத்திரிகையில். அக்கொள்கை பிற்காலத்தில் கண்டனத்துக்குள்ளாயிற்று. இன்று அவ்வளவுகளை ஓயாது எடுத்தாள்வோர் கம்ப்யூட்டருக்கு வகைபிரிக்கக் கற்பிப்போர். தாவர இயலா, புள்ளிவிவரமா, கம்ப்யூட்டர் சாஸ்திரமா என்று கேட்டால், அட்டவணை தயாரிப்போர் பத்திரிகையின் பெயரைப் பார்த்து ஒரு துறையில் எழுதிவிட்டு அப்பால் செல்கின்றனர்.