புற்றுநோய்க்குச் சீனப் பாரம்பரிய மருத்துவம் பலன் தருமா? பாஷாணம் மருந்தான வரலாறு சொல்வது என்ன?

பெங்களூரு: விவேக் நகரில் உள்ள குழந்தை இயேசு திருத்தலத்துக்கு வியாழக்கிழமைதோறும் வருவோரில், நோய் தீர வேண்டி வருவோர் ஏராளம். அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் கித்வாய் நினைவு புற்றுநோய் மருத்துவமனை உள்ளது. கர்நாடகத்தில் இருந்து மட்டுமின்றி, அண்டை மாநிலமான தமிழகத்தில் இருந்தும் அங்கு நோயாளிகள் வருகின்றனர். புற்றுநோய் என்று உறுதியான நாள் முதல் அந்தக் குடும்பங்களுக்கு உறவினர்களும் அக்கம்பக்கத்தினரும் ஆளுக்கொரு மருந்தைப் பரிந்துரைக்கத் தொடங்குகின்றனர். அவற்றில் ஒன்று, "சீன மருத்துவத்தில் இதற்கு மருந்து இருக்கிறது" என்பது.

இந்தக் கூற்றில் ஓர் உண்மை உண்டு. ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு இன்று உலகம் முழுவதும் தரப்படும் மருந்து, சீன நாட்டு வைத்தியத்தில் இருந்து வந்ததே. ஆனால் அது மருந்தான விதத்தை அறிந்தால், எதை நம்பலாம், எங்கே எச்சரிக்கை தேவை என்பதும் விளங்கும்.

ஹார்பின் நகரில் தொடங்கிய ஆய்வு

தமிழ் மருத்துவ மரபில் வெள்ளைப் பாஷாணம் என்று குறிப்பிடப்படும் ஆர்செனிக் டிரையாக்சைடு, சீன மருத்துவத்திலும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்த நஞ்சு. 1970-களின் தொடக்கத்தில், வடகிழக்குச் சீனாவின் ஹார்பின் மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் சாங் டிங்டாங்கும் அவரது குழுவினரும், கிராமப்புற வைத்தியர் ஒருவர் கட்டிகளுக்குக் கொடுத்து வந்த கலவை மருந்தை ஆராயத் தொடங்கினர். அதில் பாஷாணம், பாதரச உப்பு, தேரையின் நஞ்சு ஆகிய மூன்றும் இருந்தன.

அந்தக் கலவையை அவர்கள் அப்படியே ஏற்கவில்லை. ஊசி மருந்தாக மாற்றி, ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே சோதித்தனர். பாதரசம் சிறுநீரகத்தைப் பாதித்தது. தேரை நஞ்சும் பக்கவிளைவுகளைத் தந்தது. நோயைக் கட்டுப்படுத்தியது பாஷாணம் மட்டுமே என்று தெரிந்ததும் மற்ற இரண்டும் கைவிடப்பட்டன.

அடுத்து, எந்த நோய்க்கு இது பயன்படும் என்ற கேள்வி எழுந்தது. பல வகைப் புற்றுநோய்களில் முயன்ற பிறகு, 'அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகேமியா' (ஏபிஎல்) என்ற ரத்தப் புற்றுநோயில்தான் மிகச் சிறந்த பலன் கிடைப்பது தெரியவந்தது. கடுமையான ரத்தக்கசிவை உண்டாக்கி, சில நாட்களிலேயே உயிரைப் பறிக்கக்கூடிய நோய் இது. 1990-களில் ஷாங்காய் ஆய்வாளர்கள் இந்த முடிவுகளைச் சர்வதேச ஆய்விதழ்களில் வெளியிட்டனர். 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இம்மருந்துக்கு அனுமதி அளித்தது.

நஞ்சு எப்படி மருந்தாகிறது?

ஏபிஎல் நோயில், 15 மற்றும் 17-ஆவது குரோமோசோம்களின் பகுதிகள் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. இதனால் உருவாகும் பிழையான புரதம், ரத்த அணுக்களை முதிர்ச்சி அடைய விடாமல் தடுக்கிறது. முதிராத அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் பெருகி நோயாகின்றன. ஆர்செனிக், அந்தப் பிழையான புரதத்தின் ஒரு பகுதியில் நேரடியாக ஒட்டி, புரதத்தையே சிதையச் செய்கிறது. வைட்டமின் ஏ-யில் இருந்து பெறப்படும் 'ஆல் டிரான்ஸ் ரெட்டினோயிக் அமிலம்' அதே புரதத்தின் மற்றொரு பகுதியைத் தாக்குகிறது. இந்த இரண்டாவது மருந்தை ஏபிஎல் நோயாளிகளுக்குப் பயன்படுத்திக் காட்டியவர் ஷாங்காய் மருத்துவர் வாங் சென்யி.

இத்தாலி, ஜெர்மனி நாடுகளின் மருத்துவர்கள் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ஆபத்து குறைந்த பிரிவைச் சேர்ந்த ஏபிஎல் நோயாளிகளுக்கு, கீமோதெரபி இன்றி இவ்விரு மருந்துகள் மட்டும் தரப்பட்டன. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, அவர்களில் 97 சதவீதத்தினர் நோய் திரும்பாமல் உயிருடன் இருந்தனர்.

பிழையான அந்தப் புரதம் மற்ற புற்றுநோய்களில் இல்லை. எனவே மார்பகம், நுரையீரல், வயிறு ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய்களுக்கு ஏபிஎல் நோயின் வெற்றியைச் சான்றாகக் காட்ட முடியாது.

வேலூர் தந்த சான்று

இம்மருந்தின் வரலாற்றில் தமிழகத்துக்கும் முக்கிய இடம் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ரத்தவியல் துறையினர், 1998 முதல் 2004 வரை, புதிதாக ஏபிஎல் கண்டறியப்பட்ட 72 பேருக்கு ஆர்செனிக் டிரையாக்சைடை முதன்மை மருந்தாகக் கொடுத்தனர். அப்போது உலக அளவில் நடைமுறையில் இருந்த கூட்டுச் சிகிச்சையின் செலவு, இந்திய நோயாளிகள் பலருக்கு எட்டாததாக இருந்தது.

மருத்துவர் விக்ரம் மேத்யூஸ் தலைமையில் 2006-இல் வெளியான ஆய்வறிக்கையின்படி, 86 சதவீத நோயாளிகளின் ரத்தத்தில் நோயின் அடையாளங்கள் மறைந்தன. பக்கவிளைவுகளும் பெரும்பாலும் சமாளிக்கக்கூடியவையாகவே இருந்தன. குறைந்த செலவில் உயிர் காக்க முடியும் என்பதை இந்த ஆய்வு உலகுக்குக் காட்டியது.

இவை அனைத்தும் மருத்துவமனைக் கண்காணிப்பில் நடந்தவை. ஆர்செனிக் சிகிச்சையின்போது இதயத் துடிப்பின் ஒழுங்கு பாதிக்கப்படலாம். நுரையீரலில் நீர் சேர்ந்து மூச்சுத் திணறலும் ஏற்படலாம். அதனால் இசிஜி, ரத்தப் பரிசோதனை ஆகியவை தொடர்ந்து செய்யப்படுகின்றன. இதே ஆர்செனிக் நீண்ட காலம் உடலில் சேர்ந்தால் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றுநோயை உண்டாக்கும் என்பதும் நிரூபிக்கப்பட்ட உண்மை. மருந்தாவதும் நஞ்சாவதும் அளவையும் கண்காணிப்பையும் பொறுத்தது.

மூலிகை என்றால் ஆபத்து இல்லையா?

பெல்ஜியம் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் 1990-களின் தொடக்கத்தில், உடல் எடை குறைக்கச் சீன மூலிகை கலந்த மாத்திரைகளை உட்கொண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்தன. ஒரு மூலிகைக்குப் பதிலாக, பெயர் ஒத்த வேறொரு மூலிகை தவறுதலாகச் சேர்க்கப்பட்டிருந்ததே காரணம். அதில் இருந்த அரிஸ்டோலோகிக் அமிலம், பின்னாளில் அவர்களில் பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கியது. தமிழகத்தில் ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி என்று அறியப்படும் செடிகளும் இதே தாவர இனத்தைச் சேர்ந்தவை.

மருத்துவமனைச் சிகிச்சையைக் கைவிடுவது இதைவிடப் பெரிய ஆபத்து. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, குணப்படுத்தும் வாய்ப்புள்ள நிலையில் இருந்தும் மாற்று மருத்துவத்தை மட்டுமே தேர்ந்தெடுத்த 281 நோயாளிகளைப் பற்றியது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிடுகையில், அவர்கள் இறக்கும் அபாயம் இரண்டரை மடங்காக இருந்தது. மார்பகப் புற்றுநோயில் அது ஐந்து மடங்கைத் தாண்டியது.

எங்கே உதவக்கூடும்?

சீன மருத்துவத்தின் மற்றொரு முறையான அக்குபங்சர், புற்றுநோயைக் குணப்படுத்துவதில்லை. எனினும் சிகிச்சையின் சில துன்பங்களைக் குறைக்க உதவுகிறது. மார்பகப் புற்றுநோய்க்கான சில ஹார்மோன் மாத்திரைகளால் வரும் மூட்டு வலிக்கு அக்குபங்சரைப் பரிந்துரைக்கலாம் என்று அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கமும் ஒருங்கிணைந்த புற்றுநோயியல் சங்கமும் 2022-இல் வழிகாட்டுதல் வெளியிட்டன. ரத்தத் தட்டணுக்களோ வெள்ளை அணுக்களோ மிகவும் குறைந்திருக்கும் நாட்களில், ஊசி குத்துவதால் ரத்தக்கசிவும் தொற்றும் ஏற்படலாம். எனவே மருத்துவரின் ஒப்புதல் அவசியம்.

குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

நோயாளி வேறு மருந்தோ கஷாயமோ எடுத்துக்கொண்டால், அதைப் புற்றுநோய் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. சில மூலிகைகள், கல்லீரல் மருந்துகளைக் கையாளும் வேகத்தை மாற்றிவிடும். இதனால் கீமோதெரபி மருந்தின் பலன் குறையலாம் அல்லது நச்சுத்தன்மை கூடலாம். மருந்தின் பொட்டலத்தையோ சீட்டையோ கையோடு கொண்டு சென்று காட்டுவது நல்லது.

உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதப்படாத பொடி, மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும். புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது, 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டத்தின் கீழ் இந்தியாவில் தடை செய்யப்பட்டுள்ளது. அத்தகைய விளம்பரத்தைக் கண்டால் எச்சரிக்கை கொள்வதே முறை.

யாரேனும் ஒரு மருந்தைப் பரிந்துரைத்தால், ஹார்பின் மருத்துவர்கள் கேட்ட கேள்விகளையே கேட்கலாம். இதில் என்ன இருக்கிறது? எந்த வகைப் புற்றுநோய்க்கு, எத்தனை பேருக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டது? அவர்களில் எத்தனை பேர் பிழைத்தனர்? இவற்றுக்குத் தெளிவான பதில் இல்லாத நிலையில், நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது.