தோன்றா எழுவாய்

விமர்சன வாசிப்பு என்றதும் நமக்குப் பார்த், தெரிதா என்று கிளம்பிவிடத் தோன்றுகிறது. நல்லம்பள்ளியில் மாலை வகுப்புக்கு வந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு நான் தொடங்கியது ஒரு பற்பசை அட்டைப்பெட்டியிலிருந்து. ஃப்ளோரைடு பல்லைக் காக்கும் என்றது பெட்டி. ஃப்ளோரைடு கலந்த நீரைப் பருகாதீர் என்றது தெருவிலிருந்த விழிப்புணர்வுப் பலகை. படித்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேரின் பல்லில் பழுப்புக் கறை.

“எது சார் பொய்?” என்றான் ஒருவன்.

“கம்பெனிக்காரன் சொல்றதுதான்” என்றேன். தப்பு. நம் போன்றவர்களுக்கு வாய்க்கு எளிதாக வரும் பதில் அது. மறுநாள் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

இரண்டு பிரதிகளுமே மெய்தான். அளவைத்தான் இரண்டும் மறைக்கின்றன. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது இந்தியத் தரநிர்ணயம். பற்பசையில் 1000 பிபிஎம் வரை அனுமதி. ஒரு கிராம் பசையில் ஒரு மில்லிகிராம். பசையைத் துப்பிவிடுகிறோம், தண்ணீரை விழுங்குகிறோம். பல் உருவாகும் வயதிலேயே கறை உள்ளே படிந்துவிடுவதால் எந்தப் பசையும் அதைத் தேய்த்து எடுக்காது. இதைப் பெட்டி சொல்லாது. இன்னொன்று: ஃப்ளோரைடு பற்சொத்தையைத் தடுக்கும் என்ற அறிவே கறைபடிந்த பற்களிலிருந்து பிறந்ததுதான். அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸில் 1901 முதல் மெக்கே என்ற பல்மருத்துவர் இந்தக் கறையைத் துரத்திக்கொண்டிருந்தார். காரணம் தண்ணீரிலுள்ள ஃப்ளோரைடு என்று தெரிய 1931 ஆயிற்று.

பலகையைப் படிக்கத் தமிழ் இலக்கணமே கைகொடுத்தது. ‘பருகாதீர்’ என்பதில் தோன்றா எழுவாய் யார்? “நாமதான் சார்.” ஆழ்துளைக் கிணறு போட்டவர்? பாறைக்குள் ஆழமாகப் போகப் போக ஃப்ளோரைடு கூடலாம் என்று தெரிந்தவர்? அவர்கள் வாக்கியத்திலேயே இல்லை. “வேற தண்ணி எங்க இருக்குன்னு போடலயே” என்றான் பின்வரிசைப் பையன். காய்ச்சிக் குடித்தால் போகுமா என்று கேட்டார்கள். போகாது, நீர் வற்றும், ஃப்ளோரைடு தங்கும்.

அடுத்து, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் பற்றிய செய்தி நறுக்குகள். 2008இல் அடிக்கல், 2013இல் தொடக்கவிழா. காவிரி நீரைத் தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் கொண்டுவந்த திட்டம். ஃப்ளோரைடு பாதிப்பைக் குறைப்பது அதன் பெயரிலேயே இருந்தது. நறுக்கொன்றில் ‘ஜப்பான் நிதியுதவி’. உதவின்னா திருப்பித் தரவேண்டாமா என்று கேள்வி. கடன்தான், வட்டியோடு. ஒரு சொல்லை மாற்றிப் போட்டதில் கொடுப்பவர் வள்ளலாகிறார், வாங்குபவர் கைகூப்ப வேண்டியிருக்கிறது. நாற்பது நிமிஷம் இந்த ஒரு சொல்லிலேயே போயிற்று. பாவ்லோ ஃப்ரேயரை நான் அங்கே உச்சரிக்கவேயில்லை.

செயப்பாட்டுவினையில் ‘ஆல்’ உருபு உதிரும் இடங்களை அடிக்கோடிடச் சொல்லியிருந்தேன். செய்தித்தாளில் நிறைய அகப்பட்டன. கடைசி நாளில் ஒரு பெண் எங்கள் துண்டுப்பிரசுரத்தையே எடுத்துவந்தாள். தண்ணீர் கேட்டு நாங்கள் அடித்தது, ஐந்நூறு பிரதி. ‘உடனடி நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும்’ என்ற வரியின் கீழ் சிவப்பு மையில் கோடு.

“யாரால சார்?”