வெட்டாத பூவரசு

இரண்டு வருஷமாக, இரவு வேலை இல்லாத நாட்களில், நான் கணினியில் நிலம் கட்டப் பழகி வருகிறேன். மேடு, பள்ளம், மண், கல், மரம், புல், வெய்யில் எல்லாம் உள்ள ஒரு நிலம். அதற்குள் நடந்து திரியலாம். இதற்குப் பாவிக்கும் மென்பொருளைக் 'கேம் எஞ்சின்' என்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொண்டு விளையாடுகிற விளையாட்டுகளுக்கெல்லாம் அடியில் ஓடுகிற இயந்திரம் அது. விநாடிக்கு முப்பது, அறுபது தடவை முழுக் காட்சியையும் புதிதாக வரைவதும், வெளிச்சம் எதில் பட்டு எங்கே தெறிக்கும் என்று கணக்குப் பார்ப்பதும் அதன் வேலை. நான் பழகுவது 'அன்ரியல்' என்பது. 1998இல் ஒரு துப்பாக்கி விளையாட்டோடு வெளிவந்தது. இன்று சினிமாக்காரரும் கட்டடக் கலைஞரும்கூட அதைப் பாவிக்கிறார்கள். பழகுகிறவர்களுக்குக் காசு இல்லை. மகன் தன் படிப்புக்காக இறக்கி வைத்திருந்ததில் நானும் தொற்றிக்கொண்டேன்.

ஐம்பது வயது கடந்த, களஞ்சியசாலையில் பெட்டி ஏற்றுகிற ஒருவனுக்கு இது எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். காரணம் என் தகப்பனார். 1990இல் வசாவிளானில் இருந்து இடம்பெயர்ந்தவர். இப்போது எண்பத்து நான்கு வயதில், ஒக்லண்ட் மவுண்ட் ரொஸ்கில்லில் எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கிறார். இனி அவரால் விமானம் ஏற முடியாது. எங்கள் வளவை ஒருமுறை கட்டி அவருக்குக் காட்டிவிட வேண்டும் என்பதுதான் தொடக்கம். கட்டும்போது எனக்கு விளங்கிய ஒன்றைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். 'இயற்கை' என்று நாம் அதிகம் யோசியாமல் சொல்லிவிடுகிற சொல்லைப் பற்றியது அது.

நிலம் கட்டுவதில் முதல் வேலை தரை. ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை எஞ்சினுக்குக் கொடுக்கவேண்டும். படத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஓர் உயரம்: கறுப்பு பள்ளம், வெள்ளை மேடு, இடைப்பட்ட சாம்பல் இடைப்பட்ட உயரம். சாதாரணப் படத்தில் சாம்பலுக்கு 256 படிகளே உண்டு. அன்ரியல் வழக்கமாகத் தரும் 512 மீற்றர் உயர வீச்சை 256 ஆல் பிரித்தால் ஒரு படி 2 மீற்றர். மலைச்சரிவு மாடிப்படி போல வந்து நிற்கும். ஆகவே 65,536 படிகள் கொண்ட படம் வேண்டும். அப்போது ஒரு படி ஒரு சென்ரிமீற்றரிலும் குறைவு, கண்ணுக்குத் தெரியாது.

பயிற்சிக்கு ரங்கிட்டோட்டோவை எடுத்தேன். ஒக்லண்ட் துறைமுகத்துக்கு எதிரே, கவிழ்த்த தட்டம் போலக் கடலில் தெரியும் எரிமலைத் தீவு அது. சுமார் 600 வருஷத்துக்கு முன் வெடித்து எழுந்தது. உயரம் 260 மீற்றர் அளவு. இந்த நாட்டில் நில அளவை விபரம் பொதுச் சொத்து. விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சி, இலைகளுக்கு இடையால் போய்த் தரையில் பட்டுத் திரும்பும் ஒளியைக் கொண்டு, மீற்றருக்கு ஒரு புள்ளியாக அளந்து, யாரும் எடுக்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். ஒரு பின்னேரத்துக்குள் தீவின் தரை என் திரைக்கு வந்துவிட்டது.

அடுத்தது மரம். ஒரு மரத்தைச் செய்து கொடுத்தால் எஞ்சின் அதையே ஆயிரக்கணக்கில் படியெடுத்து நடும். ஒவ்வொன்றையும் கொஞ்சம் திருப்பி, கொஞ்சம் பெருப்பித்துச் சிறுப்பித்து விட்டால் வேறு வேறு மரமாகத் தெரியும். எங்கே நடுவது என்பதற்கு நாம் விதி எழுதவேண்டும்: இந்தச் சரிவில் வேண்டாம், இந்த உயரத்துக்குக் கீழே வேண்டாம், மரத்துக்கு மரம் இவ்வளவு தூரம். மிச்சத்தை எஞ்சின் குலுக்கல் போட்டுத் தீர்மானிக்கும். நானும் அப்படியே நட்டேன். காடு வந்தது, ரங்கிட்டோட்டோ வரவில்லை.

படகேறிப் போய்ப் பார்த்த பிறகே பிழை பிடிபட்டது. அங்கே பெரும்பாலும் மண்ணே கிடையாது, கறுத்த எரிமலைக் கல். அந்த வெறுங்கல்லில் முதலில் வேர்விடுவது 'பொஹுட்டுக்காவா' என்ற, மார்கழியில் சிவப்பாய்ப் பூக்கும் மரம். அதன் நிழலிலும் சருகிலும்தான் மற்றச் செடிகள் பிழைக்கின்றன. ஆகவே கல்வெளிக்கு நடுவே பச்சை திட்டுத் திட்டாக நிற்கிறது. 'முதலில் பொஹுட்டுக்காவா, அதன் நிழலுக்குள் மட்டும் மற்றவை' என்று விதியை மாற்றினேன். படம் தீவாயிற்று. ஒரு மரம் எப்படி இருக்கிறது என்று தெரிந்தால் போதாது, ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்றும் தெரியவேண்டும் என்பதை அன்றைக்குத்தான் படித்தேன்.

இந்தத் துணிவோடு வசாவிளானைக் கட்ட வந்தேன். தரையிலேயே சறுக்கியது. எங்கள் பகுதிக்கு எனக்குக் கிடைத்தது, 2000 பெப்ரவரியில் அமெரிக்க விண்ணோடம் ஒன்று பதினொரு நாள் சுற்றி ரேடாரால் அளந்த விபரம். 30 மீற்றருக்கு ஒரு புள்ளி. உயரத்தில் சில மீற்றர் பிழை வரும். மரம் அடர்ந்த இடத்தில் ரேடார் தரைவரை போகாமல் இடையிலேயே திரும்பிவிடும். மலைநாட்டுக்கு இது போதும். வலிகாமம் தட்டையான நிலம். எங்கள் ஊரின் ஏற்ற இறக்கம் முழுவதும் அந்த அளவையின் பிழைக்குள் அடங்கிவிடுகிறது. மரக்கூடல்கள் குன்றுகளாக எழும்பி நின்றன. அதை அழித்துவிட்டு, மாரி மழைக்குத் தண்ணீர் எந்த மூலைக்கு ஓடும், எங்கே தேங்கும் என்று அப்பா சொல்லச் சொல்ல, கையால் தரையைச் செய்தேன். செம்மண், அடியில் சுண்ணாம்புக் கல், ஆறில்லாத ஊர், கிணற்றை நம்பிய தோட்டம். எஞ்சினில் ஆறு வெட்ட நல்ல கருவி இருக்கிறது. எனக்கு அது தேவைப்படவில்லை.

மரத்துக்கு வந்தால் வேறு சிக்கல். உண்மையான கல்லையும் பட்டையையும் இலையையும் பல கோணத்தில் படம் பிடித்து, அப்படியே கணினி உருவமாக்கி வைத்திருக்கும் களஞ்சியங்கள் உண்டு. 2022இல் வந்த அன்ரியலின் ஐந்தாம் பதிப்பு, இப்படியான உருவங்களில் உள்ள கோடிக்கணக்கான முக்கோணங்களை, தூரத்துக்கு ஏற்றபடி தானே குறைத்தும் கூட்டியும் வரைகிறது. ஆனால் களஞ்சியத்தில் இருப்பதைத்தானே நடலாம்? ஐரோப்பியக் காட்டுச் சருகும் பாசி பிடித்த பாறையும் வேண்டிய அளவு இருந்தன. பனை என்று தேடினால் தென்னையும் கலிபோர்னிய வீதியோர மரமும் வந்தன. பூவரசுக்கு, கடற்கரையில் குடை விரித்து நிற்கும் ஒரு பெரிய மரம் கிடைத்தது. அதை வாங்கி வேலியோரமாக நட்டேன். பனையை நானே 'பிளெண்டர்' என்ற இலவச மென்பொருளில் செய்தேன். மூன்று மாதம் சென்றது. பிறகு அப்பாவைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினேன்.

கனநேரம் பார்த்தார். "வடிவாத்தான் இருக்குத் தம்பி," என்றார். "இது ஆற்றை காணி?"

"எங்கட வளவு அப்பா."

"பூவரசை இப்பிடி வளர விடுவமோ? குழை வெட்டேல்லையோ?"

அவர் கேட்டது எனக்கு உடனே விளங்கவில்லை. பிறகுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. எங்கள் ஊர் வேலிகளில் பூவரசு நின்றது நிழலுக்காக மட்டுமல்ல. அதன் குழையை வெட்டிப் புகையிலைத் தோட்டத்தில் தாழ்ப்போம், அதுதான் பசளை. நீண்ட தடி அடுத்த வேலிக்குக் கதியால். ஆகவே எங்கள் பூவரசுக்கு முடி கிடையாது. ஆள் உயரத்தில் முடிச்சு முடிச்சான ஒரு மொட்டை அடி, அதிலிருந்து நேராக எழும்பும் இளந்தடிகள். எந்தப் பக்க வேலி எப்போது வெட்டப்பட்டது என்பதைத் தடியின் நீளத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். நான் முப்பது வருஷமாக மனதில் வைத்திருந்த பூவரசு, வெட்டாத பூவரசு. ஞாபகம் மரத்தை வைத்துக்கொண்டு கத்தியை விட்டுவிட்டது.

பனையிலும் அப்படித்தான். இயல்பாகத் தெரியட்டும் என்று அடிமரத்தைச் சுற்றிக் காவோலை தொங்கவிட்டிருந்தேன். "ஆளில்லாத கூடலிலைதான் காவோலை உப்பிடித் தொங்கும்" என்றார். அடுப்புக்கும் வேலிக்கும் ஓலை தேவைப்படுகிற ஊரில் காவோலை மரத்தில் மிஞ்சாது. பனைகளை எஞ்சின் குலுக்கல் போட்டு நட்டிருந்தது. எங்கள் பனைகள் எல்லையோரம் வரிசையாக நின்றவை. மத்தியானம் என்று நான் வைத்த வெய்யிலைப் பார்த்து "காலமையோ?" என்று கேட்டார். ஒக்லண்டில் ஆனி மாத மத்தியானச் சூரியன் அடிவானத்திலிருந்து 30 பாகைதான் எழும்பும். என் கண் அந்த நீண்ட நிழலுக்குப் பழகிவிட்டது. யாழ்ப்பாணத்தில் சித்திரை நடுவிலும் ஆவணியிலும் உச்சிச் சூரியன் தலைக்கு நேரே நிற்கும்; மரத்தின் நிழல் மரத்தடியிலேயே விழும். அகலாங்கையும் திகதியும் கொடுத்தால் எஞ்சின் சூரியனைச் சரியான இடத்தில் வைக்கும். எனக்குத்தான் கொடுக்கத் தோன்றவில்லை.

இங்கிருந்துதான் என் வாதம் தொடங்குகிறது. கேம் எஞ்சினில் 'இயற்கை' என்பதற்கு வழக்கமான வரைவிலக்கணம், ஒழுங்கில்லாமை. சிதறவிடு, திருப்பிவிடு, நேர்கோடு வரவிடாதே என்றுதான் பாடங்கள் சொல்லித்தருகின்றன. மனிதக் கை படாத காட்டுக்கு இது ஓரளவு சரி. எங்கள் நிலத்துக்கு இது பொய். அங்கே நேர்கோடும் மொட்டை அடியும் வெட்டுக்காயமும்தான் உண்மை. அவற்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அழகான, ஆருடையது என்று தெரியாத காணி.

ஒக்லண்டிலேயே இதற்கு உதாரணம் உண்டு. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒட்டுவாட்டாவா என்ற கல்வெளி இருக்கிறது. போகிறபோக்கில் பார்த்தால் எரிமலை கக்கிய கல் புல்லுக்குள் சிதறிக் கிடக்கிற மாதிரி இருக்கும். உண்மையில் பல குவியல்களும் வரிசைகளும் மாவோரி மக்கள் கையால் அடுக்கியவை. வெப்ப நாட்டுப் பயிரான குமரா வத்தாளை இந்தக் குளிரில் விளைய, கல் பகல் வெய்யிலின் சூட்டைப் பிடித்து வைத்துக் கொடுத்தது. அதை ஒட்டிய இஹுமாட்டாவோ காணி 1863இல் பறிக்கப்பட்டது. அங்கே வீடு கட்டப் போனபோது, 2019இல் ஆயிரக்கணக்கானோர் கூடி மறித்தார்கள். 2020 டிசெம்பரில் அரசு அக்காணியை வாங்கியது. அந்தக் கல்வெளியை ஒருவர் எஞ்சினில் குலுக்கல் போட்டுக் கட்டினால் படம் நன்றாகத்தான் இருக்கும். தோட்டக்காரர் மட்டும் இருக்கமாட்டார்கள்.

ஒரு நண்பர் கோபத்தோடு கேட்டார்: ஊரில் சனம் காணி கேட்டு வீதியில் இருக்க, நீர் இங்கே கணினியில் வளவு கட்டுகிறீரா என்று. நியாயமான கேள்வி. இது காணிக்குப் பதில் என்று நான் சொல்லவில்லை. வலிகாமம் வடக்கில் 2015 தொடக்கம் பகுதி பகுதியாகக் காணி விட்டார்கள், எல்லாம் விடவில்லை. எங்கள் துண்டு விட்டதற்குள் வந்தது. 2016இல் அப்பாவும் நானும் போனபோது, 25 வருஷமாக ஆரும் குழை வெட்டாத பூவரசுகள் பெருமரமாகி வேலி காடாகியிருந்தது. கூட வந்த இளைஞர் ஒருவர் "நல்ல இயற்கையான இடம்" என்றார். அவரில் பிழையில்லை. ஆளைத் துரத்திய நிலமும் ஆளே இல்லாத நிலமும் படத்தில் ஒரேமாதிரித்தான் இருக்கும். வித்தியாசத்தைச் சொல்லக்கூடியவர்கள் அதில் வேலை செய்தவர்கள். அவர்களுக்கு இப்போது எண்பது வயது.

இப்போது நான் ஒரே வளவை இரண்டாகக் கட்டுகிறேன்: வெட்டின பூவரசோடு 1989, வெட்டாத பூவரசோடு 2016. மகன் ஒரு விசையில் இரண்டையும் மாற்றிப் பார்க்கச் செய்திருக்கிறான். இரண்டுக்கும் தரை ஒன்று; மாறியது கத்தி.

கணினி தெரிந்த பிள்ளைகள் எங்கள் சமூகத்தில் நிறைய இருக்கிறார்கள். ஊரைக் கட்டிப் பார்க்க விரும்புகிறவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது: பழைய படங்களைச் சேர்ப்பதோடு நில்லாமல் உங்கள் அப்பப்பாவையும் அம்மம்மாவையும் இருத்தி வைத்துக் கேளுங்கள். குழை எந்த மாதம் வெட்டுவீர்கள்? எல்லையில் என்ன மரம்? வாய்க்கால் எந்தப் பக்கம் சரிந்தது? விடையை அப்படியே எழுதி வையுங்கள். எஞ்சின் வருஷத்துக்கு வருஷம் மாறும், விடை மாறாது. என் நண்பரைப் போல இதில் உடன்பாடில்லாதவர்களும் எழுதவேண்டும்.

எனக்கு அடுத்த வேலை கிணற்றடி. மாரி முடிய நீர்மட்டம் எத்தனையாவது கல்லில் நின்றது என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.