ஒரு மானின் விலை

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் குடியிருக்கும் ஒருவர் வேட்டை உரிமத்துக்குக் கட்டவேண்டிய தொகை சுமார் 21 டாலர். அந்த உரிமத்தைக் கொண்டு ஒரு பருவத்தில் கொம்புள்ள ஆண் மான் ஒன்றைச் சுட்டு வீட்டுக்குக் கொண்டுபோகலாம். வெள்ளைவால் மான் ஒன்று உயிரோடு 68 கிலோ இருந்தால், குடலும் தோலும் எலும்பும் போக ஏறத்தாழ 25 கிலோ கறி தேறும். கொழுப்புக் குறைந்த, ஊசி மருந்து எதுவும் படாத கறி. வேட்டைக்காரர்கள் பலர் தங்கள் பொழுதுபோக்குக்கு முதலில் சொல்லும் நியாயமும் இதுதான்: ஒரு குடும்பத்துக்குக் குளிர்காலம் முழுவதற்குமான இறைச்சி, 21 டாலருக்கு.

புதிதாக இறங்கும் ஒருவரின் முதல் ஆண்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் படம் மாறிவிடும். நடுத்தரமான ரைஃபிள் 500 டாலர் என்று வைத்துக்கொள்ளலாம். அதன் மேல் பொருத்தும் தொலைநோக்கிக்கு 200, குளிர் தாங்கும் உடைக்கும் பூட்ஸுக்கும் 300, மரத்தில் கட்டும் பரணுக்கும் அதில் இருக்கும்போது உடம்பில் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்பு வாருக்கும் 200. பயிற்சிக்கும் வேட்டைக்குமாகத் தோட்டாக்கள் 80, காட்டுக்குப் போய்வரும் பெட்ரோல் 150, மானை வெட்டிப் பொட்டலம் கட்டித்தரும் கசாப்புக் கடைக்கு 130. உரிமத்தையும் சேர்த்தால் 1,581 டாலர். கிலோவுக்கு 63 டாலர் விழுகிறது. துப்பாக்கி, பரண், உடை எல்லாம் பத்து ஆண்டு உழைக்கும் என்று அந்த 1,200 டாலரைப் பிரித்துப் போட்டாலும் கிலோ 20 டாலர். அதுவும் ஆண்டுதோறும் மான் கிடைத்தால்தான். இரண்டு ஆண்டில் ஓர் ஆண்டு வெறுங்கையோடு திரும்பினால் 35 டாலர் ஆகிவிடும். கடையில் மாட்டுக் கொத்துக்கறி இதைவிட மலிவாகவே கிடைக்கிறது.

விதிவிலக்கு உண்டு. தாத்தாவின் துப்பாக்கி வீட்டில் இருக்கிறது, வீட்டுக்குப் பின்னாலேயே காடு, கறியைத் தானே வெட்டத் தெரியும் என்றால் கிலோ 3 டாலருக்குள் முடிந்துவிடும். கிராமத்து ஏழைக் குடும்பங்களுக்கு இந்தக் கறி மெய்யாகவே பெரிய உதவி. மறுகோடியில், எல்க் மானைத் தேடி மொன்டானாவுக்குப் போகும் வெளி மாநிலத்தவர் உரிமத்துக்கு மட்டுமே ஆயிரம் டாலருக்கு மேல் கட்டுகிறார். நிலத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் தனியார் கையில் உள்ள டெக்சஸில், காட்டுக்குள் கால்வைக்கவே பலர் நில உரிமையாளருக்குக் குத்தகைப் பணம் கொடுக்கிறார்கள்.

நாடு முழுவதற்குமாக மத்திய அரசின் மீன், வனவுயிரினச் சேவைத் துறை 2016இல் எடுத்த கணக்கெடுப்பில் வேட்டைக்காரர்கள் 1 கோடியே 15 லட்சம் பேர். அவர்கள் அந்த ஓர் ஆண்டில் செலவழித்தது சுமார் 2,600 கோடி டாலர். ஆளுக்கு 2,200 டாலருக்கு மேல், நாள் கணக்கில் சராசரியாக 16 நாள். கறிக்காக மட்டும் யாரும் இவ்வளவு கொட்டுவதில்லை. அவர்கள் விலை கொடுத்து வாங்குவது அந்த 16 நாளைத்தான்.

அந்த நாள் விடியுமுன்பே தொடங்குகிறது. இருட்டிலேயே பரணேறி, மூச்சுக்காற்று வெண்புகையாகப் போகும் குளிரில் அசையாமல் காத்திருக்க வேண்டும். மேலே ஆரஞ்சு நிற மேலங்கி. மனிதக் கண்ணுக்கு அது பளிச்சென்று தெரியும், மானின் கண்ணுக்கு ஆரஞ்சு சரியாகப் பிடிபடாது. மான் வந்து, குண்டு சரியான இடத்தில் பட்டு, அது விழுந்துவிட்டால், அந்த இடத்தைவிட்டு நகர்த்துவதற்கு முன் உரிமத்தோடு வந்த சீட்டை நிரப்பி மானின் காதில் கட்டவேண்டும் என்பது பென்சில்வேனியச் சட்டம். அடுத்த வேலை கத்திக்கு. மானை மல்லாக்கப் போட்டு, வயிற்றுத் தோலை மட்டும் மெல்லக் கீறி, குடலும் மூத்திரப்பையும் கிழியாமல் உள்ளுறுப்புகளை மொத்தமாக வெளியே இழுக்க வேண்டும். கத்தி சற்று ஆழமாக இறங்கினால் கறி நாறிவிடும். உடலின் சூடு சீக்கிரம் தணியாவிட்டாலும் கறி கெடும். பிறகு, மீதமுள்ள ஐம்பது கிலோவுக்கு மேற்பட்ட உடலைக் கொம்பைப் பிடித்து வண்டிவரை இழுத்துப்போக வேண்டும். கடையில் பொட்டலமாகக் கறி வாங்குகிறவர் ஒருபோதும் செய்யாத வேலை இது. தன் தட்டில் இருப்பது ஓர் உயிர் என்பதைத் தன் கையாலேயே அறிந்து உண்பது இந்தப் பொழுதுபோக்கின் நேர்மையான பலன். தலைமுறைகள் ஒன்றாகக் கழிக்கும் நேரம் இன்னொன்று. பென்சில்வேனியாவில் துப்பாக்கிப் பருவம் திங்கட்கிழமை தொடங்கிய காலத்தில் பல ஊர்களில் அன்று பள்ளிக்கூடமே விடுமுறை. 2019இல்தான் தொடக்க நாள் சனிக்கிழமைக்கு மாறியது.

உடம்புக்கான ஆபத்தும் உண்டு. துப்பாக்கி விபத்தைத்தான் வெளியார் முதலில் நினைப்பார்கள். ஆனால் வார் மாட்டாமல் பரணிலிருந்து விழுந்து முதுகெலும்பை முறித்துக்கொள்வதும் மான் வேட்டையில் அடிக்கடி நேரும் துயரம்.

இதுவரை சொன்னதெல்லாம் வேட்டைக்காரர் தன் பையிலிருந்தும் தன் உடம்பிலிருந்தும் கொடுக்கும் விலை. அவர் கொடுக்காத விலையும் இருக்கிறது. அடிபட்டு ஓடி, தேடியும் கிடைக்காமல், எங்கோ புதரில் கிடந்து சாகும் மான் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அம்பு வேட்டையில் இது இன்னும் கவலைக்குரியது. நல்ல வேட்டைக்காரர், சந்தேகம் இருந்தால் சுடுவதில்லை. இரத்தத் தடம் பிடித்து மணிக்கணக்கில் தேடுவார். எல்லாரும் அப்படி இல்லை.

இரண்டாவது, ஈயம். வழக்கமான ரைஃபிள் தோட்டாவின் உட்பகுதி ஈயத்தால் ஆனது. மானுக்குள் பாய்ந்ததும் அது நொறுங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் காயத்திலிருந்து ஒரு சாண் தள்ளியும் கறியில் பதிகின்றன. 2008இல் வடக்கு டகோட்டாவில், ஏழைகளுக்கு இலவசமாகக் கொடுக்க வேட்டைக்காரர்கள் தந்த மான் கொத்துக்கறியில் ஈயத் துகள்கள் தென்பட, அதை எறிந்துவிடும்படி உணவு வங்கிகளுக்கு மாநிலச் சுகாதாரத் துறை சொல்ல வேண்டியதாயிற்று. பிறகு அம்மாநிலத்தவரின் இரத்தத்தைச் சோதித்தபோது, வேட்டைக்கறி உண்போரிடம் ஈய அளவு மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தது. குழந்தைகளைப் பொறுத்தவரை ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை.

காட்டிலேயே விட்டுவரும் குடல் குவியல் பிணந்தின்னிப் பறவைகளுக்கு விருந்து. அதில் கலந்த ஈயமே அவற்றுக்கு நஞ்சாகிறது. 1982இல் உலகில் 22 மட்டுமே எஞ்சியிருந்த கலிபோர்னியக் காண்டோர் கழுகு, கூண்டில் இனப்பெருக்கம் செய்யப்பட்டு மீண்டும் காட்டுக்கு விடப்பட்டது. இன்றும் காட்டில் அதைக் கொல்லும் முதன்மைக் காரணம் ஈய நஞ்சுதான். நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டுக்கு 1991 முதல் நாடு முழுவதும் தடை. கலிபோர்னியா 2019 ஜூலையில் எல்லா வேட்டைக்கும் அந்தத் தடையை விரித்தது. செம்புத் தோட்டா நொறுங்குவதில்லை, ஆனால் விலை கூடுதல். ஒரு பருவத்தில் 2,200 டாலர் செலவழிக்கும் பொழுதுபோக்கில் அந்த வித்தியாசத்தைச் சுமை என்று சொல்வது நியாயமாகாது.

மான்களின் மூளையை அரிக்கும் ஒரு தீராத நோயும் பரவிவருகிறது. 1967இல் கொலராடோவில் முதலில் காணப்பட்ட அது இன்று முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் உள்ளது. மனிதருக்குத் தொற்றியதாக உறுதிப்பட்ட நிகழ்வு இல்லை. எனினும், நோய் உள்ள பகுதியில் கிடைத்த மானைச் சோதிக்கும்படியும், நோய் உறுதியானால் அந்தக் கறியை உண்ணாதிருக்கும்படியும் சுகாதார அதிகாரிகள் சொல்கிறார்கள்.

பொழுதுபோக்கு வேட்டையை 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால் கட்டிப்போட்ட இந்தியாவிலிருந்து பார்ப்பவருக்கு அடுத்த செய்தி வியப்பாக இருக்கலாம். அமெரிக்கக் காட்டுயிரை அழித்தது விற்பனைக்கான வேட்டை. கோடிக்கணக்கில் பறந்த பயணப் புறாவின் கடைசிப் பறவை 1914இல் சின்சினாட்டி விலங்குக்காட்சிச் சாலையில் இறந்தது. 1900 வாக்கில் வெள்ளைவால் மான்கள் ஐந்து லட்சம்கூட இல்லை. அதன் பின்னரே, வேட்டையாடிய காட்டுக்கறியை விற்கக்கூடாது, பருவத்துக்கும் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு என்ற விதிகள் நிலைத்தன. 1934இல் நீர்ப்பறவை வேட்டைக்காரர் ஒவ்வொருவரும் ஒரு டாலர் அஞ்சல்தலை போன்ற வில்லை வாங்கவேண்டும் என்றானது. இப்போது அதன் விலை 25 டாலர். ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் சதுப்புநிலம் காக்கப் போகிறது. இதுவரை 60 லட்சம் ஏக்கர் காப்பாற்றப்பட்டிருக்கிறது. 1937ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் நீள்துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 விழுக்காடு வரியை வனவுயிரினத்துக்கே ஒதுக்கியது. உரிமக் கட்டணத்தை வேறு வேலைக்குத் திருப்பும் மாநிலத்துக்கு அந்தப் பணம் கிடையாது என்ற நிபந்தனையே இச்சட்டத்தின் உயிர். இன்று வெள்ளைவால் மான்கள் சுமார் மூன்று கோடி.

“காட்டைக் காப்பது எங்கள் பணம்தான்” என்று வேட்டைக்காரர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது, முழு உண்மை இல்லை. அந்த வரியின் பெரும்பகுதி, வேட்டைக்கே போகாமல் துப்பாக்கி வாங்குவோரிடமிருந்து வருகிறது. மான்கள் பெருகியதற்கு ஓநாயும் மலைச்சிங்கமும் பல இடங்களில் ஒழிக்கப்பட்டதும் ஒரு காரணம். ஓநாய் இல்லாத மலையை மான்கள் மொட்டையாக்கிவிடும் என்பதைக் காட்டுயிர் மேலாண்மையின் முன்னோடி ஆல்டோ லியோபோல்டு கண்டு எழுதினார். அவரே இளமையில் ஓநாய்களைச் சுட்டவர். கொன்றுண்ணிகள் இல்லாத காடுகளில் மான் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்கும் வேலையை இன்று வேட்டைக்காரர்தான் செய்கிறார், அதுவும் தன் செலவில்.

அந்த ஆட்கள் குறைந்துவருவதுதான் மாநில வனவுயிரினத் துறைகளின் கவலை. 1991இல் 1 கோடியே 41 லட்சமாக இருந்த எண்ணிக்கை 2016இல் 1 கோடியே 15 லட்சம். உரிமம் விற்காவிட்டால் உரிமப் பணம் இல்லை. மத்திய நிதிக்கு மாநிலம் போடவேண்டிய பங்கும் பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது. மிசௌரி மாநிலத்தார் 1976இலேயே இதற்கு ஒரு வழி கண்டார்கள். மக்கள் வாக்களித்து, கடையில் விற்கும் பொருள்கள் மீது நூற்றுக்கு எட்டில் ஒரு பங்கு, அதாவது எட்டு டாலருக்கு ஒரு சென்ட், வனவுயிரினத்துக்கென்று தனி வரி போட்டுக்கொண்டார்கள். அங்கே துப்பாக்கியைத் தொடாதவரும் காட்டுக்குத் தன் பங்கைக் கட்டுகிறார்.